ஒரு நாளைக்கு ஒரு முழம்

லிஃப்ட்காரருக்கு மண் மீது ஆசை வந்தது பன்னிரண்டாவது மாடிக்கும் மேலே வைத்து. மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் கிரீஸ் போட்டு முடித்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். கட்டடங்களெல்லாம் முடிகிற இடத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு பச்சைத் துண்டு தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம், "நாமளும் சீக்கிரம் மண்ணுக்குப் போயிடணும்மா" என்றார். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று பதறிப்போய்க் கேட்டால், மனிதர் விவசாயத்தைச் சொல்கிறாராம்.

அன்று தொடங்கிப் பதினோரு வருஷம் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்தால் விதைப் பொட்டலம். அலமாரியைத் திறந்தால் உரம் பற்றிய புத்தகம். போனில் யாரோ ஒருவர் சாணத்தைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு விளக்க, இவர் தட்டில் சாப்பாட்டை ஆறவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் 'உம்' கொட்டுவாள். 'உம்' கொட்டினால் என்ன, குடியா முழுகிவிடப் போகிறது என்றுதான் கொட்டினாள். முழுகித்தான் போயிற்று.

அவள் பல் கட்டுகிறவள். டாக்டர் அல்ல. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கிற கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். மூன்றாவது மாடியில் பின்பக்கத்து அறை, ஒரே நீள மேஜை, ஆறு பேர், ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு சின்ன மோட்டார். மெழுகில் பல்வரிசையைச் செதுக்கி, அதை வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்க வேண்டும். மோட்டார்கள் ஓடும்போது பேச முடியாது, பேசினாலும் கேட்காது. காலையில் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினால், மறுபடி சாயங்காலம் தலையாட்டும்வரை இரைச்சல்தான். ஆனால் அந்த இரைச்சலில் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்கிற நிம்மதி ஒன்று இருந்தது. இருந்தபோது அது அவளுக்குத் தெரியவில்லை.

வரும் அச்சுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனால் பல்லைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். இவர் இடது பக்கமே மெல்லுகிறவர். இவர் பேனாவைக் கடிக்கிறவர். இந்த அம்மா தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவள், வீட்டில் நிம்மதி இல்லை, பாவம். இப்படி ஊரில் பாதிப்பேரின் வாய்க்குள் புகுந்து பார்த்தவள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் இருமல் பிடித்தது. அத்தனை வருஷத்துத் தூளும் நெஞ்சில் படிந்திருப்பதாக டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இந்த வேலைய விட்டுடுங்க. நல்ல காத்து இருக்கிற எடமாப் பாத்துப் போயிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், லிஃப்ட்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மனைவிக்கு நெஞ்சில் கோளாறு என்று கேட்டு முகம் மலர்ந்த புருஷனை உலகம் அதிகம் பார்த்திருக்காது.

"பாத்தியா, மண்ணே நம்மளக் கூப்பிடுது! நீ முன்னாடி போ. என் சர்வீஸ் முடிய ஆறே மாசம். பையத் தூக்கிட்டு வந்து நிக்கிறேனா இல்லையா பாரு."

நகரத்திலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஒன்றரை ஏக்கர், இரண்டு அறை வீடு, ஒரு கைப்பம்பு, சுற்றிலும் வேலி, ரோட்டோரம் ஒரு கேட். சாமான்களோடு வந்து இறங்கி நான்கு நாள் தங்கினார். கோழிக்கூண்டு அடித்துக் கொடுத்தார். மண்ணை அள்ளி மோந்து பார்த்துக் கண் கலங்கினார். ஐந்தாம் நாள் பஸ் ஏறினார்.

அது நடந்து இருபது மாதம் ஆகிறது.

ஆறாவது மாதம் ஒரு புதுக் கட்டடத்துக்கு எட்டு லிஃப்ட் மாட்ட வேண்டியிருந்தது, இவர் இல்லாமல் ஆகாதாம். ஒன்பதாவது மாதம் முட்டிவலி. பன்னிரண்டாவது மாதம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இவர்தான் வேலை கற்றுத்தர வேண்டுமாம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். நியாயமான காரணங்களை வரிசையாக அடுக்கிவைத்தால் என்ன ஆகும் என்று பல்லக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

பல்லக்கா என்பது இங்கே வந்தபிறகு கிடைத்த பெயர். கொடுத்தது தபால்காரம்மா. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் மாதங்களில் அவளுக்குப் பெரிய தொந்தரவு பாம்போ, பம்போ அல்ல. தன் சொந்தக் கால்கள்தான். காலையில் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவை தாமாகக் கேட்டுக்குப் போய் நின்றன. இருபத்தாறு வருஷமாக அந்த நேரத்துக்குத்தான் அவளுடைய பஸ். கேட்டில் கையை வைத்துக்கொண்டு, கையில் பையில்லாமல், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்புவாள். பார்ப்பதற்கு யார் இருந்தார்கள்?

அடுத்தது குரல். ஒருநாள் மத்தியானம் கோழி ஒன்று சமையலறைக்குள் புகுந்தது. "போ" என்று அதட்டினாள். தொண்டையிலிருந்து துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் புருஷனோடு போனில் பேசியதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் எதையாவது சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "தண்ணி அடிக்கணும்." "மொளகாய்க்குச் சாம்பல் போடணும்." சொல்லி முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். கோழிக்குஞ்சுப் படம் அனுப்பினால் சிவப்பு இதயம் ஒன்று வந்து சேரும், அதோடு சரி.

வேலை ஒன்றும் அவளைத் தோற்கடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடுகளவு மெழுகைச் செதுக்கிய கை. நாற்றைப் பிடுங்கி நட அதற்குத் தெரியாதா? கோழி பதினொன்று இருபத்து மூன்றாயிற்று. கீரையும் கத்தரியும் தக்காளியும் வளர்ந்தன. இருமல் எந்த நாளில் நின்றது என்றுகூடத் தெரியாமல் நின்றுபோயிற்று. ஆசைப்பட்டவர் பன்னிரண்டாவது மாடியில் இருந்தார். அவருடைய ஆசையை இவள் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். இப்படி நினைத்தபோதெல்லாம் கோபம் வந்தது. ஏழு மணிக்குப் போன் அடித்ததும் அந்தக் கோபம் எங்கேயோ ஓடிவிடும். "என்னங்க, சாப்டீங்களா" என்றுதான் வாய் கேட்கும்.

தபால்காரம்மா வாரத்துக்கு மூன்று நாள் மொபெட்டில் அந்தப் பக்கம் போவாள். தபால் இல்லாவிட்டாலும் கேட்டில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். ஒருநாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். மேல்வரிசைப் பல் செட் இரண்டாக உடைந்து கைக்குட்டையில் கிடந்தது. பல்லக்கா நகரத்திலிருந்து கொண்டுவந்திருந்த கருவிப் பெட்டியைத் தூசி தட்டித் திறந்தாள். ஒன்றரை மணி நேரம். மாட்டிப் பார்த்த தபால்காரம்மா கண்ணாடியைவிட்டு நகரவில்லை.

"யம்மா! வாங்குனப்பகூட இவ்வளவு நல்லா இல்லக்கா! இனிமே உங்களுக்கு நான் பல்லக்கான்னு பேர் வெச்சிட்டேன். மூஞ்சத் தூக்காதீங்க, வெச்சா வெச்சதுதான்."

அடுத்த வாரம் மொபெட்டின் பின்னால் கட்டி ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். அவள் வீட்டில் இருபது பெட்டி இருந்தது. "பல்லுக்கு என் மொய்" என்றாள். ஒரு முக்காலியின் மேல் பெட்டியை வைத்து, எறும்பு ஏறாமல் மூன்று காலையும் தண்ணீர் டின்களில் நிறுத்தினார்கள். நடமாட்டம் இல்லாத மூலையில் வைங்க என்று தபால்காரம்மா சொன்னாள். பல்லக்கா வாசலுக்கு இடது பக்கம், கூரை நிழலில், தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நடமாட்டம் என்று அங்கே வேறு யாருக்கு இருந்தது?

மறுநாள் காலையில் டீயோடு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே அசையாமல் இருந்துவிட்டாள். பெட்டிக்குள்ளிருந்து வந்த இரைச்சல் அவளுக்குத் தெரிந்த இரைச்சல். நீள மேஜை, ஆறு விளக்கு, ஆறு மோட்டார். யாரும் யாரிடமும் பேசாமல், பக்கத்திலேயே இருந்து வேலை பார்க்கிற சத்தம். காதைப் பலகையில் வைத்துக் கேட்டாள். அழுகை வந்தது. இருபது மாதத்தில் பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது அன்றுதான். அதற்குப் பிறகு காலை டீயும் மாலை டீயும் அந்த நாற்காலியில்தான். எட்டு மணிக்குக் கால்கள் கேட்டுக்குப் போவதை விட்டுவிட்டன.

இந்த நேரத்தில்தான் லிஃப்ட்காரர் போனில், "வியாழக்கிழமை வரேன். மூணு நாள் லீவு. வந்து எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துட்டு, எப்ப மூட்டையக் கட்டறதுன்னு முடிவு பண்ணிடலாம்" என்றார்.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "நெஜமாவா சொல்றீங்க?"

"நெஜமாத்தான். ஒரே ஒரு விஷயம். அந்தப் பெட்டி வாசல்லயா இருக்கு? சின்ன வயசுல ஒண்ணே ஒண்ணு கொட்டி மூஞ்சி வீங்கி மூணு நாளைக்குக் கண்ணே திறக்கல, தெரியும்ல. அது அங்க இருந்தா நான் படியேற மாட்டேன்."

நூற்றைம்பது அடி லிஃப்ட் பள்ளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதர். பயப்படுவது இதற்கு.

புதன்கிழமை இருட்டத் தொடங்கியதும், எல்லாம் உள்ளே அடைந்துவிட்டன என்று பார்த்துக்கொண்டு, பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்தாள். தள்ளுவண்டியில் ஏற்றிக் கொல்லைக் கடைசிவரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், வேலியோரப் புதருக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு நிறுத்தினாள். வாசலுக்குத் திரும்பியபோது அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. போகட்டும், நாளைக்கு ஆளே வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது தலையணைக்கு உறை மாற்றினாள். இரண்டாவது தட்டைத் தேய்த்து வைத்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்த் துணியை எடுத்துவிட்டாள்.

தபால்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டியை எடுத்து வைப்பதில் என்ன கேட்க இருக்கிறது?

எட்டரை மணிக்கு வாசலில் நாலைந்து தேனீக்கள் சுற்றின. ஒன்பது மணிக்கு நூறு. ஒன்பதரைக்குச் சுவரெல்லாம் கறுப்பு. மேயப்போனவை எல்லாம் நேற்றுவரை வீடு இருந்த இடத்துக்கே திரும்பி வந்து, பெட்டி இருந்த உயரத்திலேயே, வெறும் காற்றில் வாசலைத் தேடிக்கொண்டிருந்தன. கதவு நிலையில் கொத்தாகத் தொங்கின. கொடியில் காய்ந்த துண்டின்மேல் மொய்த்தன. நாற்காலியின் கையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் துடைப்பத்தோடு நின்றாள். எதைப் பெருக்குவது என்று தெரியவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு பஸ் நிற்கும் சத்தம் கேட்டது.

கேட்டில் லிஃப்ட்காரர். கையில் ஒரு பை, ஆரஞ்சுப் பழம், கறுப்புக் குடை. சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தவர் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார்.

"என்னம்மா இது?"

"மாத்திட்டேங்க. பெட்டியப் பின்னாடி கொண்டுபோய் வெச்சிட்டேங்க!"

"அப்போ இதெல்லாம் என்ன?"

"அதுங்களுக்கு அது தெரியலங்க."

"உனக்கு நான் வரது பிடிக்கலையா, நேராச் சொல்லிடேன்" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை. ஒன்று வந்து காதில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததைத் தட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? குடையை விரித்தார், சுழற்றினார், பையை வீசினார், ஆரஞ்சு உருண்டது. இருபது மாதம் வராத மனிதர் இரண்டே நிமிஷத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவள் பையைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். முகத்தைப் பிடித்து, காதில் இருந்த கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். இருபது மாதத்தில் அவரை அவள் தொட்டது அந்த ஒரு தடவைதான். காது அவள் கையிலேயே காளான் மாதிரி பெரிதாகிக்கொண்டிருந்தது.

மொபெட்டில் வந்த தபால்காரம்மா ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். லிஃப்ட்காரரை ஏற்றிக்கொண்டு போய் ஊசி போடவைத்து, அவர் கேட்டுக்கொண்டபடி பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், பல்லக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

"ஏங்க்கா எங்கிட்டக் கேக்கல? பெட்டிய நகத்துனா ஒரு முழம் நகத்தணும். இல்லன்னா ஒரேயடியா மூணு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோயிடணும். ஒரு முழம்னா கண்டுபிடிச்சு வந்துடும். மூணு கிலோமீட்டர்னா பழசு மறந்து புதுசாப் பழகிக்கும். ரெண்டுங்கெட்டானா வெச்சா இப்படித்தான், பழைய எடத்துக்கே வந்து நிக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"இருந்த எடத்துலயே கொண்டாந்து வைங்க. வேணும்னா என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நாலு கிலோமீட்டர். உங்க வீட்டுக்காரர் நிம்மதியா வரலாம்."

பல்லக்கா சுவரில் மொய்த்துக் கிடந்தவற்றைப் பார்த்தாள். பிறகு, "வேண்டாம்" என்றாள். "கொல்லையோட இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு முழமா நகத்திக்கிறேன்."

பெட்டியை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்ததும், ஷட்டர் தூக்கிய கடைக்குள் ஜனங்கள் நுழைகிற மாதிரி எல்லாம் உள்ளே போயின. சுவரோரம் இரண்டு கை அளவு செத்துக் கிடந்தன. கூட்டி அள்ளும்போது வெட்கமாக இருந்தது. யாருக்காக இதைச் செய்தோம் என்று நினைத்தாள். நினைப்பை மேலே ஓடவிடவில்லை.

வாசலிலிருந்து வேலிப் புதர்வரை முழங்கையால் அளந்தாள். அறுபத்திரண்டு முழம். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் சொன்னாள். லிஃப்ட்காரரும் காது வலியோடு கணக்குப் போட்டார். "ரெண்டு மாசம். போகட்டும். அது பின்னாடி போய்ச் சேரட்டும், நான் வந்துடறேன். இந்தத் தடவை பாரு."

தினமும் இருட்டும் நேரத்தில் பெட்டியை இறக்கி, முக்காலியை ஒரு முழம் நகர்த்தி, டின்களில் தண்ணீர் மாற்றி, பெட்டியை ஏற்றி வைப்பாள். ஏழு மணிக்கு அவர் கேட்பார்: "இன்னிக்கு எவ்வளவு?" "ஒரு முழம்." இருவருக்கும் நடுவே அது ஒரு விளையாட்டு மாதிரி ஆயிற்று. பெட்டி கூரை நிழலை விட்டு வெளியே வந்ததும் வெயிலுக்கு மறைப்பு வேண்டியிருந்தது. கேட்டோரம் கிடந்த கறுப்புக் குடையைக் கழியில் கட்டி அதன் தலைக்கு மேல் பிடிக்கவைத்தாள். அவருடைய குடை, ஆயிரம் தேனீக்களுக்கு நிழல். பெட்டி கொல்லை நடுவுக்கு வந்தபோது துணிக்கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டவேண்டி வந்தது. பம்புக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டு போனாள். காலை டீயை வாசல் நாற்காலியிலேயே குடித்தாள். இரைச்சல் ஒவ்வொரு நாளும் ஒரு முழம் தூரமாயிற்று. இருபதாவது நாளுக்குப் பிறகு கேட்கவில்லை.

ஆனால் போனில் சந்தோஷம் இருந்தது. முன்னெல்லாம் மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுகிறவர், இப்போது கேள்வி மேல் கேள்வி கேட்டார். கத்தரி நாற்றை எத்தனாவது நாள் பிடுங்கி நடுவது? தக்காளி இலை சுருண்டால் என்ன செய்வது? சாம்பல் எவ்வளவு?

"யார் வீட்டுத் தக்காளிங்க?" என்று கேட்டாள் ஒருநாள்.

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்கத்தான்."

வருவதற்குத் தயாராகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைப்பது? கைப்பம்புக்குப் பக்கத்தில் நல்ல மண்ணாக ஒரு பாத்தியைக் கொத்திப் பொடியாக்கி, எதையும் விதைக்காமல் விட்டுவைத்தாள். முதல் விதையை அவர் போடட்டும்.

முப்பத்தோராவது நாள் போன் வழக்கத்துக்கு முன்னாலேயே அடித்தது. படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், பார் என்றார். மொட்டை மாடி. மோட்டார் அறையின் சுவரோரம் பன்னிரண்டு தொட்டிகள். தக்காளி, கத்தரி, மிளகாய், ஒரு தொட்டியில் கீரை. நடுவில் லிஃப்ட்காரர், கையில் மண், முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படி? எல்லாம் நீ சொன்னபடிதான்! அடுக்குமாடி ஜனமே வந்து பாக்குது. இன்னும் பதினெட்டு தொட்டி வெச்சுக்கோங்கன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. காலைல எந்திரிச்சு ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு நின்னேன்னா, அடடா... இப்போதைக்கு எனக்கு இதுவே போதும்போல இருக்கும்மா."

"போதுமா?"

"வரது வருவேன், எங்க போறேன்? நீயும் இங்க வந்துடேன். இருமல்தான் போயிடுச்சே."

"பாக்கலாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், பக்கத்தில் நின்ற கோழிகள் சிதறி ஓடும் அளவுக்கு. பதினோரு வருஷம் வீட்டை ஆட்டிவைத்த ஆசை பன்னிரண்டு தொட்டிக்குள் அடங்கிவிட்டது. அதற்கு இவள் ஐந்து மணி நேரம் பஸ்ஸேறி வந்து, இருபது மாதம் குரலைத் துருப்பிடிக்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரித்து முடிந்ததும் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பார்க்க யாருமில்லாத இடத்தில் அழுவதில் ஒரு வசதி, எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்காகக் கொத்திப்போட்ட பாத்தியில் கோழிகள் இறங்கிப் புழுதி குளித்துக்கொண்டிருந்தன. அவள் விரட்டவில்லை.

நகரத்துக்குத் திரும்புவதையும் யோசித்துப் பார்த்தாள், யோசிக்காமல் இல்லை. இரண்டரை அறை, எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ், மொட்டை மாடியில் முப்பது தொட்டி. அங்கே போய்த் தன் புருஷனுக்குத் தக்காளி வளர்த்துக் கொடுக்கலாம். சாயங்காலக் காற்றில் ஒரு மூச்சு இழுத்தாள். நெஞ்சு அடியாழம்வரை நிறைந்தது. அந்த நெஞ்சு அவளுடையது, அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி தூளில் வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் இருட்டும் நேரம் பெட்டிக்குப் போனாள். கொல்லையின் நட்டநடுவில், குடைக்கடியில், இந்தப் பக்கம் முப்பத்தொரு முழம், அந்தப் பக்கம் முப்பத்தொரு முழம். பெட்டியை இறக்கினாள். முக்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை ஒரு முழம் நகர்த்தினாள், வாசல் பக்கமாக.

ஏழு மணிக்குக் கேள்வி வந்தது. "இன்னிக்கு எவ்வளவு?"

"ஒரு முழம்."

"நடக்கட்டும், நடக்கட்டும்."

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. சில நாட்கள் போனே வரவில்லை. தொட்டிக்கு மண் கொண்டுவரப் போயிருந்தாராம். அவள் முழத்தை விடவில்லை. துணிக்கொடி பழைய இடத்துக்கு வந்தது. பம்புக்கு நேராகப் போக முடிந்தது. ஒருநாள் காலையில் டீயை வாயருகே கொண்டுபோனபோது, தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல் காதில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

முப்பத்தோராவது முழம் முடிந்த அன்று பெட்டி கூரை நிழலுக்குள், தன் பழைய இடத்தில் நின்றது. குடையை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"முடிஞ்சுதுங்க. சேர வேண்டிய எடத்துக்குச் சேந்துடுச்சு."

"அட! ரெண்டு மாசம் ஓடிடுச்சா! அப்போ நான் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்னு சொல்லு" என்று சிரித்தார்.

"கட்டுங்க" என்றாள். "நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு நான் கேட்டுல நிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் ஒரு 'சரி' சொல்லியிருந்தால் போதும். தபால்காரம்மாவைக் கூப்பிட்டுப் பெட்டியை அந்த நிமிஷமே நான்கு கிலோமீட்டர் தள்ளி அனுப்பியிருப்பாள், திரும்பி வராத தூரத்துக்கு. அதற்கும் துணிந்துதான் கேட்டாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"நாளைக்கேவா... எப்படிம்மா? தக்காளி இப்பத்தான் பூ வெச்சிருக்கு. விட்டுட்டு வந்தா யாரு தண்ணி ஊத்துவா?"

பல்லக்கா பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "பூ வெச்ச செடிய விட்டுட்டு வரக்கூடாது. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஊத்துங்க. இலைல படாம, வேர்ல ஊத்துங்க."

"சரி சரி" என்றார் அவர், உற்சாகமாக. அந்தச் 'சரி'யை எவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு, குடையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். வந்தால் கொடுக்கலாம். கோழிக்கூண்டைச் சாத்தினாள். டீ போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது மேஜையில் எல்லோருக்கும் செய்வதுபோல், அதைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள்.